ஐம்பத்தெட்டாம் பக்கத்துப் பிழை

அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலரை யாரும் எடுத்தவுடன் திறக்க மாட்டார்கள். முதலில் உலுக்குவார்கள். முதுகைப் பிடித்துத் தலைகீழாக ஓர் உலுக்கு. உள்ளேயிருந்து ஒரு மெல்லிய காகிதம் கீழே விழும். அதுதான் பிழைத்திருத்தச் சீட்டு. அதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்த பிறகு, மனசிருந்தால் மலரைப் புரட்டுவார்கள்.

ஆண்டுக்கு ஆண்டு மலர் இளைத்தது, சீட்டு கொழுத்தது. போன வருடம் இரண்டு புகைப்படங்களுக்குக் கீழே இருக்க வேண்டிய வரிகள் இடம் மாறிவிட்டன. தலைமையாசிரியர் படத்துக்குக் கீழே, 'ஐம்பது ஆண்டுப் பழமையானது. ஆங்காங்கே விரிசல் கண்டுள்ளது. வரும் கோடையில் இடிக்கப்படும்' என்று வந்தது. பழைய கட்டடத்தின் படத்துக்குக் கீழே, 'நம் அனைவரின் அன்புக்கும் உரியவர்' என்று வந்தது. தலைமையாசிரியர் தங்கமான மனிதர், ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நாள் லீவு மட்டும் போட்டார்.

ஊரே சிரித்த அந்த விஷயத்துக்காக வெட்கப்பட்டவள் ஒரே ஒருத்திதான். பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள். வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு; வருகைப் பதிவேட்டைத் தவிர அதற்கு வேறெங்கும் வேலையில்லை. பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்குத் 'திருத்தம்' என்றுதான் பெயர். "டேய், திருத்தம் வர்றா" என்று ஒருவன் சொன்னால் போதும், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பவன் தானாகவே அழித்துவிட்டு இறங்கிவிடுவான்.

அது பிறவிக் குணம். அவளுடைய அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலைக்குப் போகிற இடத்தில் தொங்கவிட 'லிஃப்ட் வேலை செய்யாது' என்று ஓர் அட்டை வைத்திருந்தார். ஏழு வயதுப் பெண் அதில் 'இன்று' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். "நாளைக்கு நீங்க சரி பண்ணிடுவீங்கல்லப்பா?" என்றாள். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அம்மாவுக்குக் குளிரவில்லை. அம்மா தையல் கடை வைத்திருப்பவள். பன்னிரண்டு வயதில் இவள் கடையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் "ஆன்ட்டி, நீங்க சொல்றது போன வருஷத்து இடுப்பு" என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒரே மாதத்தில் மூன்று வாடிக்கைகள் போயின. அதற்குப் பிறகு அம்மா அவளைக் கடைப்பக்கம் சேர்ப்பதில்லை.

பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் திருத்தம் மலரின் ஆசிரியர் ஆனாள். யாரும் எதிர்த்து நிற்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் மலரை மூத்த மாணவர்கள்தான் கொண்டு வருவார்கள். பெயருக்கு ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். இந்த வருடம் பூகோள ஆசிரியர். உலகப் படத்தில் எந்தத் தீவையும் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார். காகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார்.

"கையெழுத்து எங்க போடணும்னு மட்டும் சொல்லும்மா" என்றார்.

"சார், இந்த வருஷம் சீட்டு கிடையாது" என்றாள் திருத்தம்.

"எந்தச் சீட்டு?"

"பிழைத்திருத்தம். ஒரு வரிகூடக் கிடையாது. மலரை உலுக்கினா தூசிதான் விழணும்."

அவர் பேனாவை மூடிவிட்டு அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "உடம்பைப் பார்த்துக்கோம்மா" என்றார்.

மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒடுங்கிய அறைதான் மலர் அலுவலகம். கால் ஒடிந்த நாற்காலிகள், உருட்டிவைத்த தேசப்படங்கள், உயிரியல் வகுப்பு ஒதுக்கிய தாடையில்லாத எலும்புக்கூடு ஒன்று. படைப்பைக் கொடுக்க வருகிறவர்கள் எலும்புக்கூட்டைக் காட்டி, "இவருதான் போன வருஷ ஆசிரியரா?" என்று கேட்பார்கள். துணையாசிரியராக ஒரு பையன் வாய்த்தான். எதைச் சொன்னாலும் "சரி" என்பான். அதனால் அவனுக்கு ஆமாஞ்சாமி என்று பெயர். திருத்தத்துக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். காரணத்தைச் சொல்லவும் வேண்டுமா?

பழைய மலர்களில் படிப்பை முடிப்பவர்கள் ஒவ்வொருவரும் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொள்வார்கள். போன வருட மலரில் அறுபது பேரில் முப்பத்தெட்டுப் பேர் 'அனைவரிடமும் இனிமையாகப் பழகுபவர்கள்'. அந்த முப்பத்தெட்டில் இருவர் அந்த வருடம் முழுக்க ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதே இல்லை. திருத்தம் இரண்டு விதிகளைக் கொண்டு வந்தாள். ஒன்று, தன்னைப் பற்றித் தானே எழுதக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருக்கு யார் பெயர் வருகிறதோ அவர்தான் எழுத வேண்டும். இருபத்தைந்து சொல், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இரண்டு, 'இனிமையாகப் பழகுபவர்' என்று எங்கே கண்டாலும் வெட்டு.

வெட்டினாள். சிவப்புப் பேனா மூன்று தீர்ந்தன. கோல்கீப்பர் ஒரு கவிதை கொடுத்தான். 'இதைக் கவிதை என்று சொன்னது யார்?' என்று எழுதித் திருப்பினாள். ஒரு பெண் அழுதாள். அவளுக்குக் கைக்குட்டை கொடுத்துவிட்டு, கட்டுரையின் கடைசிப் பத்தியையும் சேர்த்து வெட்டினாள். ஆனால் அதிகமாக அடிபட்டவன் வம்பு. வம்பு என்பது அந்தப் பையனின் பட்டப்பெயர், வாய் அப்படி. ஆசிரியர்களே அவன் எதிரில் வந்தால் சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். அவன் கண்காட்சிச் சுற்றுலாவைப் பற்றி எழுதிக் கொண்டுவந்தான். 'அதிகாலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி எங்களை வழியனுப்பினான்' என்று ஆரம்பித்தது.

ஓரத்தில் சிவப்பு மையில், 'பஸ் கிளம்பியது பத்தரை மணிக்கு. அவன் அதுவரைக்கும் கையை நீட்டிக்கொண்டா இருந்தான்?' என்று எழுதித் திருப்பினாள்.

இரண்டாவது தடவை கதிரவன் போய்விட்டான், தென்றல் வந்தது. திருப்பினாள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஆறாவது தடவை, 'இதில் நீ எங்கே இருக்கிறாய்?' என்று ஒரே வரி எழுதித் திருப்பினாள். ஏழாவது தடவை வந்தது வேறு கட்டுரை. பஸ் பாதி வழியில் நின்றுபோனது, எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள், பூகோள ஆசிரியர் மட்டும் உள்ளே உட்கார்ந்து திசை சொன்னார், தள்ளிய களைப்பில் யாரும் கண்காட்சியைச் சரியாகப் பார்க்கவில்லை என்று இருந்தது. திருத்தம் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தாள். மேலே 'அச்சுக்கு' என்று எழுதினாள். அவனிடம் மட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை; பிழை இல்லாததைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

இதற்கிடையில் சீட்டுக் குலுக்கினார்கள். அப்போது திருத்தம் எழுந்து நின்று, கேட்பாரில்லாமலே மூன்றாவதாக ஒரு விதியைச் சொன்னாள்.

"ஆசிரியருக்கும் சலுகை கிடையாது. என்னைப் பத்தி எழுதுறவங்க கவர்ல போட்டு ஒட்டி, ஆமாஞ்சாமி கையில குடுத்துடணும். நேரா பிரஸ்ஸுக்குப் போகும். அச்சாகி வர்ற வரைக்கும் நான் படிக்க மாட்டேன்."

வகுப்பே கைதட்டியது. அவளுக்கும் பெருமையாக இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் வம்பு வந்து பக்கத்தில் நின்றான். பாட்டிலை நிதானமாக நிரப்பினான்.

"உன் சீட்டு எனக்குத்தான் வந்துருக்கு" என்றான்.

"சொல்லக் கூடாது. அது ரகசியம்."

"சரி, சொல்லல. ஆனா இருபத்தஞ்சு சொல் பத்தாது போலிருக்கே. உன்னப் பத்தி எழுத எவ்வளவோ இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டே போனான்.

திருத்தத்தின் பாட்டில் நிரம்பி வழிந்து காலை நனைத்தது. அன்றைக்குப் பிடித்தது அவளுக்குச் சனி. ஆறு தடவை திருப்பி அனுப்பியது நினைவுக்கு வந்தது. கோல்கீப்பரின் முகமும், அழுத பெண்ணும், வெட்டிய பத்திகளும் வரிசையாக வந்தன. ஏழு வருடம் கூடப் படித்தவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது நானூறு பிரதிகளில் அச்சாகப் போகிறது. அம்மா படிப்பாள். அப்பா லிஃப்ட் லிஃப்டாகக் கொண்டுபோய்க் காட்டுவார். அவளுக்குப் பயமாக இருந்தது. பரீட்சைக்குக்கூட அவள் அப்படிப் பயந்ததில்லை.

ஆமாஞ்சாமியைச் சுற்றி வந்தாள். "கவர் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"கனமா இருக்கா, லேசா இருக்கா?"

"இருபத்தஞ்சு சொல் எவ்வளவு கனம் இருக்கும்?"

"அவன் குடுக்கும்போது சிரிச்சானா?"

ஆமாஞ்சாமி யோசித்தான். "சிரிக்கல. அதான் எனக்கே கொஞ்சம் பயமா இருந்துச்சு."

வம்பு சிரிக்காமல் கொடுத்தான் என்றதும் அவளுக்கு மிச்சமிருந்த தைரியமும் போய்விட்டது. வீட்டில் அம்மா பேச்சோடு பேச்சாக, "உன்னப் பத்தி யார் எழுதுறா?" என்று கேட்டாள். "யாரோ" என்றாள். "பாவம், இருபத்தஞ்சு சொல்லுல முடிக்கணுமே" என்றாள் அம்மா, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. பெற்ற தாயே அப்படிச் சொன்னால் வம்பு என்னதான் எழுதமாட்டான்?

பிரஸ்ஸுக்குப் போகிற நாள் காலையில் திருத்தம் மலர் அறையில் தனியாக உட்கார்ந்து விதியைத் தன் மனசுக்குள் மறுபடி படித்தாள். ஆசிரியர் தன் பக்கத்தைப் படிக்கக் கூடாது. சரி. படிக்கப்போவதில்லை. மாற்றக் கூடாது என்று எங்கே இருக்கிறது? இப்படியொரு வாதத்தை வேறு யாராவது எழுதிக் கொடுத்திருந்தால், ஓரத்தில் 'வெட்கமாக இல்லையா?' என்று சிவப்பு மையில் எழுதியிருப்பாள். அன்றைக்குச் சிவப்புப் பேனா பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தாள். முதல் வாக்கியம் பெருமையடித்தது. அடித்தாள். இரண்டாவது வாக்கியம் மன்னிப்புக் கேட்டது. அடித்தாள். தன் முதுகு தனக்குத் தெரியாது. அறுபத்திரண்டு பேரைப் பற்றி வந்ததையெல்லாம் பொய், புளுகு, பூச்சு என்று வெட்டியவளுக்குத் தன்னைப் பற்றி உண்மையாக ஒரு வரி வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கை தானாக எழுதி முடித்தது. பழுப்புக் காகிதக் கவரில் போட்டு ஒட்டி, வம்பின் கவரில் ஆமாஞ்சாமி குத்தியிருந்ததைப் போலவே மலர்க்குழுவின் வட்ட முத்திரையை மேலே குத்தினாள். முத்திரை யாரிடம் இருக்கும்? ஆசிரியரிடம்தானே. வேலியே பயிரை மேய்ந்தது.

பிரஸ்ஸில் பக்கம் கட்டுகிறவள் ஒரு டிசைனர் அக்கா. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்திருந்தாள். "மூணு வருஷமா உங்க ஸ்கூலுக்கு நான்தான் சீட்டு அடிச்சுத் தரேன்" என்றாள். "தப்பு நீங்க பண்ணுவீங்க, போன்ல திட்டு மட்டும் எனக்கு வரும். இந்த வருஷமாவது பார்த்துக் குடுங்க."

"இந்த வருஷம் சீட்டே கிடையாதுக்கா" என்றாள் திருத்தம். சொல்லும்போது குரல் கொஞ்சம் உள்ளே போனது.

கூட வந்திருந்த ஆமாஞ்சாமி கைகழுவப் போனான். கோப்பு அவள் மடியில் இருந்தது. கடைசித் தாளில் கவரைக் குத்தியிருந்த குண்டூசியைக் கழற்றினாள், வம்பின் கவரை எடுத்தாள், தன் கவரைக் குத்தினாள். எடுத்த கவர் பைக்குள் போனது. பிரித்துப் பார்க்கலாமா என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. விதி விதிதான்.

பதினைந்து நாள் கழித்து மலர்க்கட்டுகள் வகுப்புக்கு வந்தன. கட்டைப் பிரித்ததும் அறுபத்திரண்டு பேரும் ஆளுக்கொன்றை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார்கள். ஒன்றும் விழவில்லை. இன்னொரு தடவை உலுக்கினார்கள். ஒருவன் நாற்காலிமேல் ஏறி நின்று உலுக்கினான். விழவில்லை. கூரை அதிர ஒரு கூச்சல் எழுந்தது. பூகோள ஆசிரியர்கூட எழுந்து நின்று கைதட்டினார். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் திருத்தம் ஒரு வருடம் உழைத்தாள். வந்தது. அவளால்தான் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ள முடியவில்லை.

வம்பு கடைசி பெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்பத்தெட்டப் பாரு" என்றான்.

அவள் பார்க்கவில்லை. கோல்கீப்பர் பார்த்தான். பார்த்ததோடு நிற்காமல் உரக்கப் படிக்கவும் செய்தான். "கடமை தவறாதவர். நேரம் தவறாதவர். படிப்பில் முதன்மையானவர்…" குரல் தடுமாறியது. "அனைவரிடமும் இனிமையாகப் பழகுபவர்!"

வகுப்பே வெடித்தது. "யாருடா அது வெட்டாம விட்டது?" என்று ஒருவன் கத்தினான். "சொல்லு கணக்கே உதைக்குதே, பத்துகூடத் தேறாது போலிருக்கே" என்றான் இன்னொருவன். வருடம் முழுக்கச் சிவப்பு மையில் குளித்தவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கு வஞ்சமில்லாமல் சிரித்தார்கள்.

"புரூஃப்ல நான் பார்த்தேன்" என்றான் ஆமாஞ்சாமி, பரிதாபமாக. "வம்பு கிண்டலா எழுதிருக்கான்னு நெனச்சு சரின்னு விட்டுட்டேன்."

வம்பு மட்டும் சிரிக்கவில்லை. பெஞ்சிலிருந்து இறங்கி வந்து பக்கத்தை வாங்கிப் பார்த்தான். முகம் சுண்டிப்போய்விட்டது. "இது நான் எழுதினது இல்ல" என்றான்.

"அப்ப பிரஸ்ல மாத்திட்டாங்க" என்றார் பூகோள ஆசிரியர். "அந்தம்மாவுக்கு வருஷா வருஷம் இதே வேலை. இன்னைக்கு நாலு வார்த்த கேட்டாத்தான் சரிப்படும்." போனை எடுத்து எண்ணைத் தேடினார்.

திருத்தம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த அக்கா நாலு திட்டு வாங்கியிருப்பாள், பழக்கப்பட்டவள்தான். திருத்தம் எழுந்து நின்றாள்.

"சார், போன் பண்ணாதீங்க. அவங்க தப்பு இல்ல. நான்தான் மாத்தினேன்."

பையிலிருந்து கவரை எடுத்து மேசைமேல் வைத்தாள். முத்திரை அப்படியே இருந்தது, ஓரம்கூடக் கிழியவில்லை. ஆமாஞ்சாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பிரிக்கவே இல்லையா?"

"படிக்கக் கூடாதுன்னு விதி இருக்குல்ல."

இந்த முறை எழுந்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. பூகோள ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாடிப்படிக்கு அடியில் இருந்தவருக்குத் தாடை இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். திருத்தம் தலைகுனிந்து நின்றாள்.

"நீ என்ன எழுதியிருப்பேன்னு பயந்துட்டேன்" என்றாள் வம்பிடம்.

"இப்ப அச்சாயிடுச்சுல்ல. விதி முடிஞ்சது. பிரி" என்றான் அவன்.

பிரித்தாள். பழக்கதோஷம், முதலில் சொற்களை எண்ணினாள். விரல் மடக்கி எண்ணினாள். சரியாக இருபத்தைந்து. பிறகுதான் படித்தாள். படித்ததும் கை சட்டென்று பெட்டிக்குள் போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்தது. எடுத்ததை அப்படியே திரும்ப வைத்துவிட்டது. வெட்ட ஒன்றும் இல்லை. திருத்தம் அழுதாள். அத்தனை பேர் எதிரிலும், கைக்குட்டைகூட இல்லாமல் அழுதாள். முன்பு அழுத பெண் தன்னுடையதைக் கொடுத்தாள்.

"எத்தன தடவ எழுதினேன் தெரியுமா?" என்றான் வம்பு. "ஏழு தடவ. நீ திருப்பித் தர மாட்டேன்னு தெரியும். அதனால எனக்கு நானே திருப்பித் தந்துக்கிட்டேன்."

"சுற்றுலாக் கட்டுரை நல்லா இருந்துச்சு" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அப்பவே சொல்லியிருக்கணும்."

மறுநாள் தனியாகப் பிரஸ்ஸுக்குப் போனாள். டிசைனர் அக்கா அவளைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினாள்.

"என்ன, இந்த வருஷம் சீட்டே கிடையாதுன்னே?"

"இருக்குக்கா. ஒண்ணே ஒண்ணுதான். யார் பண்ணின தப்புன்னும் சேர்த்து அடிங்க."

"அதையெல்லாம் யாரும் அடிச்சதில்லையே."

"இந்த வருஷம் அடிப்போம்."

உலுக்கினால் விழுகிற சீட்டாக அவள் விடவில்லை. ஐம்பத்தெட்டாம் பக்கத்தில், தன் படத்துக்குக் கீழே, நானூறு பிரதிகளிலும் ஒட்ட வேண்டும் என்றாள். இரண்டு மதியம் வகுப்பே உட்கார்ந்து ஒட்டியது. ஆமாஞ்சாமி பதினொரு சீட்டுகளைத் தலைகீழாக ஒட்டினான். திருத்தம் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள், பன்னிரண்டாவதில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா தன் பிரதியைக் கடையில் வைத்துப் படித்து, சிரித்த சிரிப்பில் ஊசியை விரலில் குத்திக்கொண்டாள். அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் அளவு கொடுப்பதற்கு முன்னால் அந்தச் சீட்டைப் படிக்க வேண்டியதாயிற்று. அப்பா எதிர்பார்த்தபடியே லிஃப்ட் லிஃப்டாகக் கொண்டுபோனார்.

சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:

பிழைத்திருத்தம்

பக்கம் 58: 'கடமை தவறாதவர்' என்பது முதல் 'இனிமையாகப் பழகுபவர்' என்பது வரை நீக்கிவிட்டு, பின்வருமாறு படிக்கவும்:

'நான் எழுதியதை இவள் ஆறு முறை திருப்பிக் கொடுத்தாள். ஏழாவது முறை எழுதியது எனக்கே பிடித்திருந்தது. இந்தப் பக்கத்தில் பிழை இருந்தால் நான் பொறுப்பு. மற்ற எல்லாப் பக்கங்களிலும் பிழை இல்லையென்றால் இவள்தான் பொறுப்பு.'

இந்தப் பக்கத்துப் பிழைக்குப் பொறுப்பு: ஆசிரியர்.